பூனைக்கும் விலை எழுதி வைத்த நாடு
வேல்ஸ் ஆவணங்களில் ஆடு, மாடு, கப்பல்

ஒரு பூனைக்குட்டிக்கு என்ன விலை வைப்பீங்க? "பூனைக்கெல்லாம் விலையா? பக்கத்து வீட்டில் குட்டி போட்டால் ஒன்றைத் தூக்கிட்டு வர வேண்டியதுதானே" என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் வேல்ஸ் நாட்டின் பழைய சட்டப் புத்தகத்தில் பூனைக்கு விலை எழுதி வச்சிருக்காங்க. பிறந்த இரவிலிருந்து கண் திறக்கும் வரை ஒரு பென்னி. கண் திறந்து எலி பிடிக்கப் பழகும் வரை இரண்டு பென்னி. எலி பிடிக்கத் தொடங்கிவிட்டால் நான்கு பென்னி. அதோடு விடவில்லை. விற்கிற பூனைக்குக் கண், காது, பல், நகம் எல்லாம் பழுதில்லாமல் இருக்க வேண்டும். எலியைக் கொல்ல வேண்டும், தன் குட்டியைத் தின்னக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் விற்றவர் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தரணும்.

அரசனின் களஞ்சியத்தைக் காக்கும் பூனையை ஒருவர் கொன்றுவிட்டால் தண்டம் எப்படித் தெரியுமா? பூனையின் தலை தரையில் படும்படி வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தணும். வால் நுனி மறையும் வரை அதன் மேல் கோதுமையைக் கொட்டணும். அந்தக் குவியல்தான் தண்டம். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கணக்கு சரியானது. ஒரு பூனை எவ்வளவு தானியத்தை எலியிடமிருந்து காப்பாற்றுகிறது என்பதைத் தானியத்தாலேயே அளந்து காட்டிய சட்டம் அது. களஞ்சியத்தோடு வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த சட்டம் என்பது படித்ததுமே தெரிந்துவிடும்.

இந்த மாதிரி பழைய ஏடுகளை வைத்து ஒரு நாட்டின் உழவையும் கால்நடையையும் கடலோட்டத்தையும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. உழவர்கள் எழுதி வைத்தது எது, அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது எது, யாருமே எழுதாமல் போனது எது என்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். ஏன் பிரிக்கணும் என்பது கடைசியில் விளங்கும்.

மழையும் மலையும் கடலும்

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே, பிரிட்டன் தீவிலேயே இருக்கும் சிறிய நாடு. வடக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் கடல். நடுவில் மலை. மழை அதிகம். மழை நீர் சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போவதால் பெரும்பகுதி மண் அமில மண். நெல், கோதுமை என்று தானியத்தை நம்பி வாழ முடியாத நிலம், ஆனால் புல் நன்றாக வளரும். அதனால் ஆடும் மாடும்தான் அங்கே சொத்து. இன்றைக்கும் அங்கே மனிதர்கள் 31 லட்சம் பேர்தான். ஆடுகள் அதைப் போல மூன்று மடங்குக்கு நெருக்கம்.

மலைக்காட்டு உழவர்களுக்கு இரண்டு வீடு இருந்தது. கோடையில் மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே போய்த் தங்கும் வீட்டுக்கு 'ஹவோட்' என்று பெயர். குளிர்காலத்துக்குக் கீழே இறங்கி வந்து தங்கும் வீடு 'ஹென்ட்ரே'. இந்த இரண்டு சொல்லும் இன்றைக்கும் அங்கே நூற்றுக்கணக்கான பண்ணைகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாடு எந்த வழியில் மேலே போனது என்பதற்கு ஊர்ப்பெயரே ஓர் ஆவணம்.

எட்டு எருது, பன்னிரண்டு பங்கு

நான் சொன்ன சட்டங்களுக்கு 'ஹவெல் தா சட்டம்' என்று பெயர். 'தா' என்றால் நல்லவன். ஹவெல் என்பவர் 10ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பெரும்பகுதியை ஆண்ட அரசர். அவர் பெயரில் வழங்கிவந்த சட்டங்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதப்பட்ட ஏடுகளாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று லத்தீன் மொழியில், தோலில் எழுதியது. அரசன், அரண்மனை ஊழியர், ஆடு மாடு என்று படமும் வரைந்திருக்கிறார்கள். அபெரிஸ்ட்வித் ஊரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் அது பத்திரமாக இருக்கிறது.

நமக்கு முக்கியமான பகுதி அதில் வரும் கூட்டு உழவு. அந்தக் காலத்து வேல்ஸ் ஏர் கனமானது. எட்டு எருது பூட்டி இழுக்க வேண்டும். எட்டு எருதும், இரும்புக் கொழுவும், மரக்கலப்பையும் ஒரே உழவரிடம் இருக்காது. ஒருவரிடம் ஓர் எருது, இன்னொருவரிடம் கொழு, வேறொருவரிடம் கலப்பை. அதனால் எல்லாரும் சேர்ந்து பன்னிரண்டு துண்டு நிலம் உழுவார்கள். ஏர் பிடிப்பவருக்கு ஒரு துண்டு. கொழுவும் இரும்பும் கொடுத்தவருக்கு ஒன்று. எட்டு எருதுக்கும் எட்டு. எருதுகளைக் கூப்பிட்டு நடத்துகிறவருக்கு ஒன்று. மரக்கலப்பைக்கு ஒன்று. கூட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டும் உழுது முடியும் வரை யாரும் தன் எருதை அவிழ்த்துக்கொண்டு போகக் கூடாது.

எருதுகளைக் கூப்பிட்டு நடத்துகிறவருக்கு 'கெய்ல்வாத்' என்று பெயர். 'கூப்பிடுகிறவர்' என்று பொருள். அவர் எருதுகளின் முன்னால், அவற்றைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே பாடுவார். நுகம் இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தளர்வாகவும் இருக்கக் கூடாது, எருதின் மனசு ஒடிந்துபோகாதபடி ஓட்ட வேண்டும் என்று சட்டமே அவருக்குப் பொறுப்புக் கொடுக்கிறது. எருதின் மனசைப் பற்றிக் கவலைப்பட்ட சட்டத்தை நீங்க வேறு எங்காவது படிச்சிருக்கீங்களா?

எருவைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. இன்னொருவர் நிலத்தில் அவர் சம்மதத்தோடு எரு போட்டவருக்கு, அந்த நிலத்தைச் சில பருவம் உழுதுகொள்ளும் உரிமை உண்டு. எருவைப் போட்ட உடனே நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. மண்ணுக்குள் போன உழைப்பு எருப்போட்டவருடையது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. குத்தகை நிலத்தை இயற்கை முறைக்கு மாற்றப் பாடுபட்டு, மண் தேறி வரும் நேரத்தில் நிலத்தை இழந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கால்நடை விற்பனைக்கும் விதி உண்டு. ஆடு விற்றவர் ஈரல் புழு, சொறி போன்ற நோய்களுக்குப் பொறுப்பேற்கணும். எவ்வளவு நாளைக்கு? வசந்தத்தில் முளைக்கும் புதுப்புல்லை அந்த ஆடு மூன்று முறை வயிறார மேயும் வரை. தேதி சொல்லாமல் புல்லை வைத்துக் காலத்தைக் குறித்திருக்கிறார்கள். நோயுள்ள ஆடு புதுப்புல்லிலும் தேறாது என்ற அனுபவ அறிவு அந்த விதிக்குள் இருக்கிறது.

மாடு எவ்வளவு பெரிய மதிப்பு என்பதற்கு ஒரு சான்று. தினெவர் அரசனை யாராவது அவமதித்துவிட்டால் தண்டமாகத் தரவேண்டியது, சிவப்புக் காதுள்ள வெள்ளை மாடுகள். எத்தனை? அர்கோயல் என்ற இடத்திலிருந்து தினெவர் அரண்மனை வரை வரிசையாக நிறுத்தும் அளவுக்கு. இருபது மாட்டுக்கு ஒரு காளை, அதுவும் அதே நிறத்தில். தினெவர் பூங்காவில் இன்றைக்கும் வெள்ளை மாட்டு மந்தை மேய்கிறது.

1536க்கும் 1543க்கும் இடையே எட்டாம் ஹென்றி அரசன் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தபோது இந்தச் சட்டங்கள் செல்லாமல் போயின. நீதிமன்ற மொழியும் ஆங்கிலமானது. வழக்கம் போனாலும் ஏடு தங்கியது. அதனால்தான் பன்னிரண்டு பங்குக் கணக்கை இன்றைக்கு நாம் பேச முடிகிறது.

கடலிலிருந்து வந்த உரம்

அமில மண்ணை எப்படித் தேற்றினார்கள்? பெம்புரோக்‌ஷர் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் ஓவன் என்ற நிலக்கிழார் 1603இல் தன் வட்டாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுண்ணாம்பு, சுண்ணாம்புச் சத்துள்ள களிமண், கடல் மணல், கடற்பாசி ஆகியவற்றை உழவர்கள் உரமாகப் பயன்படுத்திய முறைகள் அதில் இருக்கின்றன. புயல் ஒதுக்கிய கடற்பாசியை வண்டியில் அள்ளி வந்து வயலில் போடுவது அந்தக் கரையோர உழவர்களின் வழக்கம். கடைச் சரக்கு எதுவும் இல்லாத காலத்தில் கடல்தான் அவர்களுக்கு உரக்கடை.

பின்னாளில் சுண்ணாம்பு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. தெற்கே சுண்ணாம்புக்கல் பாறை உண்டு, மேற்குக் கரையில் கிடையாது. அதனால் சிறிய பாய்மரக் கப்பல்கள் தெற்கிலிருந்து கல்லையும், அடுப்பெரிக்கக் கரித்தூளையும் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வந்தன. பல இடங்களில் துறைமுகமே இல்லை. கடல் ஏறியிருக்கும்போது கப்பலைக் கரைக்கு அருகே கொண்டுவந்து, கல்லை அப்படியே தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். கடல் உள்வாங்கியதும் உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு மணலில் இறங்கிக் கல்லைப் பொறுக்கி, கரையிலுள்ள காளவாய்க்குக் கொண்டுபோவார்கள். மறுபடி கடல் ஏறுவதற்குள் வேலை முடியணும்.

காளவாயில் ஒரு அடுக்கு கரித்தூள், ஒரு அடுக்கு கல் என்று மாற்றி மாற்றிப் போட்டு எரிப்பார்கள். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் பட்டால் அது கொதித்து நீறாகும். கையில் பட்டால் புண், கண்ணில் பட்டால் பார்வை போகும். ஏற்றிவரும் வண்டியில் மழை பெய்தால் வண்டியே தீப்பிடிக்கும். அதை வயலில் குவித்து, நீறானதும் வாரி இறைப்பார்கள். மண்ணின் புளிப்புக் குறையும், தீவனப்புல்லும் தானியமும் தேறும். ஆனால் எருப்போடாமல் சுண்ணாம்பை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் மக்கு வேகமாகக் கரைந்து மண் களைத்துப்போகும். சோல்வா, போர்த்கைன், லாங்க்ரானோக் போன்ற கடலோர ஊர்களில் காளவாய்கள் எரிந்தன. பாழடைந்த காளவாய்களை அந்தக் கரையில் இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்தக் கப்பல்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிகிறது? வரி அதிகாரிகள் எழுதிய 'துறைமுகப் புத்தகங்கள்' வழியாக. 1565 முதல் லண்டன் கருவூலம் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வெற்றுத் தோல் ஏடுகளை அனுப்பிவைத்தது. கப்பலின் பெயர், எடை, தலைவன் பெயர், எங்கிருந்து எங்கே, யாருடைய சரக்கு, என்ன சரக்கு என்று அதிகாரி எழுதித் திருப்பி அனுப்பணும். அதிகாரிகள் வரிப்பணத்தைச் சுருட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1798 வரை நடந்தது. லண்டன் அருகே கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. நிலக்கரி, வெண்ணெய், தானியம், தோல், உப்பு போட்ட மத்தி மீன் என்று வேல்ஸ் கரையின் வாழ்க்கை அதில் வரிவரியாக இருக்கிறது. திருடனைப் பிடிக்க எழுதிய கணக்கு, நானூறு வருஷம் கழித்து உழவர் வரலாறாகப் பயன்படுகிறது.

லாடம் கட்டிய மாடுகள், தார் பூசிய வாத்துகள்

கல் கடல் வழியாக வந்தது. மாடு நடந்தே போனது. வேல்ஸின் கறுப்பு மாடுகளுக்கு இங்கிலாந்தில் நல்ல கிராக்கி. மாடோட்டிகள் சில நூறு மாடுகளைச் சேர்த்து, லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கும் பார்னெட் சந்தைக்கும் ஓட்டிப் போனார்கள். ஒரு நாளைக்கு 15 முதல் 20 மைல். கல் ரோட்டில் குளம்பு தேயாமல் இருக்க லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடு. வாத்துக் கூட்டத்தையும் நடத்தியே கொண்டுபோவார்கள். அவற்றை முதலில் தாரிலும் பிறகு மணலிலும் நடக்க விட்டால் காலுக்குச் செருப்பு தயார்!

ஆங்கில்சி தீவு மாடுகளுக்கு இன்னொரு சோதனை. தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே மெனாய் நீரிணை. ஓட்டம் பொல்லாதது. மாடுகள் அதை நீந்தித்தான் கடக்கணும், படகுக்காரர்கள் கூடவே போய் ஒதுங்குகிற மாட்டைத் திருப்பணும். 1826இல் தாமஸ் டெல்போர்டு கட்டிய தொங்கு பாலம் திறந்த பிறகுதான் அந்த ஆபத்து தீர்ந்தது.

மாடோட்டியாக எல்லாரும் ஆகிவிட முடியாது. 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமாகி, குடும்பம் வைத்திருக்கிற, 30 வயது தாண்டியவருக்குத்தான் உரிமம். ஏன் இவ்வளவு கெடுபிடி? உழவர்கள் மாட்டைக் கடனாகவே அவர்களிடம் கொடுத்தார்கள். காசு மாடு விற்றுத் திரும்பி வந்த பிறகுதான். ஒரு வட்டாரத்தின் முழுச் சொத்தும் ஒரு மனிதரின் நாணயத்தை நம்பி நடந்து போனது. 1640களில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, வேல்ஸ்காரரான யார்க் பேராயர் ஜான் வில்லியம்ஸ் படைத்தலைவர் ரூப்பர்ட் இளவரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். மாடோட்டிகளை மறிக்காமல் விட்டுவிடுங்கள், எங்களிடம் இருக்கும் கொஞ்சம் பொன்னும் வெள்ளியும் அவர்களால்தான் வருகிறது, வட வேல்ஸுக்கு அவர்கள்தான் ஸ்பெயின் நாட்டுக் கப்பல் படை என்ற பொருளில். அமெரிக்காவிலிருந்து பொன் சுமந்துவந்த ஸ்பெயின் கப்பல்களோடு ஒரு மாட்டு மந்தையை ஒப்பிட்டிருக்கிறார்!

பணத்தை மடியில் கட்டிக்கொண்டு நடப்பது ஆபத்து. அதனால் ஊரில் ஒருவர் லண்டனில் செலுத்தவேண்டிய காசை மாடோட்டியிடம் சொல்லிவிட்டால், அவர் மாடு விற்ற பணத்திலிருந்து அங்கே கட்டிவிடுவார். இப்படித்தான் வங்கிப் பழக்கம் வந்தது. 1799இல் லாந்தோவரி ஊரில் டேவிட் ஜோன்ஸ் என்ற மாடோட்டி 'கறுப்பு எருது வங்கி' தொடங்கினார். அதன் பணத்தாளில் கறுப்பு எருது படம். 1909இல் லாயிட்ஸ் வங்கி அதை வாங்கிக்கொண்டது. அபெரிஸ்ட்வித்–ட்ரெகாரன் வங்கியின் தாளில் ஆடு. ஒரு பவுண்டு தாளில் ஒரு ஆடு, இரண்டு பவுண்டுக்கு இரண்டு ஆடு, பத்து ஷில்லிங்குக்கு ஒரு குட்டி. எழுத்துத் தெரியாதவருக்கும் மதிப்புப் புரிய வேண்டுமே! ஆனால் அந்த வங்கி நிலைக்கவில்லை, முறிந்துபோனது.

19ஆம் நூற்றாண்டில் டிஹெவிட் ஊரைச் சேர்ந்த ஜோனதன் குடும்பம் எழுதிய மாடோட்டிக் கணக்குகள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. சுங்கச்சாவடிக்கு இவ்வளவு, ராத்தங்கல் புல்லுக்கு இவ்வளவு, லாடத்துக்கு இவ்வளவு, பீருக்கு இவ்வளவு என்று. மந்தை எந்த ஊர் வழியாகப் போனது என்பது அந்தச் செலவுக் கணக்கிலேயே தெரிகிறது. 1864இல் அபெரிஸ்ட்வித்துக்கு ரயில் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளில் மாடோட்டித் தொழில் முடிந்தது.

கப்பலிலும் பங்கு

எட்டு எருதுக்குப் பன்னிரண்டு பங்கு போட்ட பழக்கம் கப்பலிலும் வந்தது பாருங்க. பிரிட்டிஷ் பதிவுச் சட்டப்படி ஒரு கப்பல் 64 பங்கு. கப்பல் பதிவேட்டில் பங்குதாரர் பெயரோடு தொழிலையும் எழுதணும். வேல்ஸ் கரையோரப் பதிவேடுகளைப் புரட்டினால் கப்பல் தலைவன், தச்சர், கடைக்காரர், விதவை, கூடவே உழவர் என்று வருகிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, இன்னொருவருக்கு நான்கு. முழுக் கப்பலை வாங்கச் சக்தியில்லாதவர்கள் சேர்ந்து ஒரு கப்பலைக் கடலில் இறக்கினார்கள். கப்பல் முழுகினால் ஒரே குடும்பம் அழியாமல் நட்டமும் பங்காகப் பிரியும். போர்த்மாடோக் ஊரில் 1841இல் கப்பல்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர காப்பீட்டுச் சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

கடலும் வயலும் அங்கே தனித்தனி வாழ்க்கை கிடையாது. சிறு கப்பல்கள் குளிர்காலப் புயலில் ஓடாது, அப்போது கடலோடி வீட்டுக்கு வந்து வயல் வேலை பார்ப்பார். அவர் கடலில் இருக்கும்போது மாடு கறப்பதும், வைக்கோல் போடுவதும், குத்தகை கட்டுவதும் மனைவி. அபெரிஸ்ட்வித் துறைமுகத்தில் பதிவான கப்பல்களின் ஊழியர் பட்டியல்கள் 1856 முதல் 1914 வரை தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பெயர், வயது, பிறந்த ஊர், இதற்கு முன் வேலை செய்த கப்பல், சம்பளம் எல்லாம் உண்டு. ஆனால் கரையில் பண்ணையைக் காத்த பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கடலோரத்திலிருந்து பதிவில் நிலைத்த பெண் சாரா ஜேன் ரீஸ். லாங்க்ரானோக் ஊர்க் கப்பல் தலைவனின் மகள். தந்தையோடு கடலுக்குப் போய்த் தொழில் கற்று, ஊர் இளைஞர்களுக்குக் கப்பலோட்டும் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர். 'க்ரனோக்வென்' என்ற பெயரில் கவிதை எழுதி, 1865 தேசிய இலக்கிய விழாவில் பரிசு வென்றவர்.

காற்றை எழுதியவர்

இதுவரை பார்த்ததெல்லாம் சட்டம், வரி, வணிகக் கணக்கு. நிலத்திலிருந்து ஒருவர் தானாகவே எழுதிய பதிவு ஒன்று உண்டு. ஆங்கில்சி தீவில் பிரின்தீ பண்ணையின் உரிமையாளர் வில்லியம் பல்க்லி 1734 முதல் 1760 வரை நாட்குறிப்பு எழுதினார். இடையில் 1743 முதல் 1747 வரையிலான பகுதி இல்லை. தினமும் முதலில் எழுதுவது காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, மழையா வெயிலா என்பது. அதற்கப்புறம் உழவு, அறுப்பு, சந்தை விலை, கூலி. தீவுக்காரர் என்பதால் கடல் செய்தியும் உண்டு. அவர் மகள் மேரி, ஃபார்ச்சுனேட்டஸ் ரைட் என்ற லிவர்பூல் கடலோடியைக் கட்டிக்கொண்டார். போர்க்காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்துப் பேரெடுத்த அந்த மருமகன் 1757இல் கடலில் காணாமல் போனார். பண்ணை வரப்பிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ஒரே குறிப்பேட்டில் வருகிறது.

அவருக்கு நிலம் நிறைய, கூலியாட்கள் உண்டு. உட்கார்ந்து எழுத நேரமும் இருந்தது. கூலியாட்கள் எழுதவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அவர் எழுதிய காற்றும் மழையும் இன்று பொதுச் சொத்து. வெப்பமானி எல்லா ஊருக்கும் வராத காலத்தில் பருவம் எப்படி இருந்தது என்று தேடுகிறவர்கள் பாங்கர் பல்கலைக்கழகக் காப்பகத்திலுள்ள அந்த நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். அதே தீவின் மோல்வ்ரெ கரையில் 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் மோதி 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1861இல், ஃபிட்ஸ்ராய் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கினார். காற்றைத் தவறாமல் குறித்து வைப்பது உயிரைக் காக்கும் வேலை என்று அரசு உணர்ந்த இடம் அது.

ஏட்டில் ஏறாத அறிவு

கறுப்பு மாடுகளின் வம்சாவளிப் பதிவேடு தெற்கே 1874இல் தொடங்கியது. வடக்கும் தெற்கும் 1904இல் ஒரே சங்கமாகச் சேர்ந்தன. அந்த இனம் இன்றும் உண்டு. கிளாமோர்கன் மாடு என்ற இன்னொரு நாட்டு இனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தே போனது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1979இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு சின்ன மந்தை விற்பனைக்கு வந்தது. பார்த்தால், அதே இனம்! யாரோ ஒரு குடும்பம் விடாமல் வளர்த்திருக்கிறது. மந்தையை வேல்ஸுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் செத்துப்போன மாட்டைத் தொழுவம் காப்பாற்றியது.

கடைசியாக ஒரு சொல்: 'கனெவின்'. வேலி இல்லாத மலையில் ஒவ்வொரு பண்ணையின் ஆட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தாய் ஆடு எங்கே மேய்கிறதோ, எங்கே காற்றுக்கு ஒதுங்குகிறதோ, எங்கே தண்ணீர் குடிக்கிறதோ, குட்டி கூடவே நடந்து அதைக் கற்றுக்கொள்ளும். அது பெரிதானதும் தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். அந்தப் பழகிய இடம்தான் கனெவின். மனிதருக்குச் சொந்தமான இடத்துக்கும் அதே சொல்தான். யாருடைய ஆடு என்று தெரிய, காதில் பண்ணைக்கொரு விதமாக வெட்டு அடையாளம் போடுவார்கள். அந்த அடையாளங்களைத் தொகுத்துப் புத்தகமாகவும் அச்சிட்டார்கள். ஆனால் மலையில் எந்தப் பாறைக்குப் பின்னால் பனிக்காற்று படாது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஆட்டின் காலில் இருக்கிறது.

2001இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். மலை ஆட்டு மந்தைகளும் அதில் போயின. அரசு ஆட்டுக்கு இழப்பீடு கொடுத்தது, புது ஆடு வாங்கலாம். ஆனால் புது ஆட்டுக்கு மலை தெரியாதே! வேலியில்லாத மலையில் அதை விட்டால் எங்கேயாவது போய்விடும். தலைமுறை தலைமுறையாகத் தாய் குட்டிக்குச் சொன்ன பாடம் ஒரே நாளில் அறுந்தது. எல்லை பழகும் வரை ஆள் நின்று மேய்த்து மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. பூனைக்கும் விலை எழுதிய நாட்டில், இதற்கு விலை போட ஒரு வழியும் இல்லை.

தோழர்களே, வேல்ஸ் ஏடுகள் சொல்வது இதுதான். சட்டமும் வரியும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதிக்கொள்ளும். நம்ம நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த விதை எந்த மழைக்குத் தாங்கியது, எந்தப் பசுவின் வழியில் எந்தக் கன்று என்பதை நாம்தான் எழுதணும். கூலியாளும் வீட்டுப் பெண்ணும் அறிந்ததைக் கேட்டு எழுதணும். பல்க்லி செய்த மாதிரி, இன்று ராத்திரி ஒரு நோட்டில் காற்று எந்தப் பக்கம் என்று முதல் வரி எழுதுங்க. நோட்டில் எழுத முடியாததை, மந்தையை விற்காமல், விதையை விடாமல், பிள்ளைகளை வரப்பில் கூட்டிக்கொண்டு நடந்து காப்பாத்துங்க. இரண்டில் ஒன்று போதாது.